டாக்டர் பார்த்த பிறகு மிஸ்ஸி எதற்கு மறுபடியும் பார்க்கிறார்?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாமியாருக்கு 68 வயது, இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. காய்ச்சலும் வலது கால் வீக்கமுமாகப் பினாங்கில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அவசரப் பிரிவிலேயே டாக்டர் பார்த்து, ரத்தம் எடுத்து, எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. வார்டுக்கு ஏற்றிய பிறகு ஓர் இளம் தாதி வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கண் இமையை இழுத்துப் பார்த்து, வயிற்றை அமுக்கி, முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தி, கடைசியில் ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். "டாக்டர்தான் பார்த்துட்டாரே, மறுபடி எதுக்கு? பழகிக்கிறதுக்கு எங்க அத்தைதான் கெடச்சாங்களா?" என்பது கேள்வி.

நான் பினாங்கில் 29 வருடம் வார்டில் இருந்து ஓய்வு பெற்ற தாதி. எங்கள் காலத்தில் நோயாளிகள் "மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். பினாங்கின் பிறை ஊர்ப் பக்கத்துப் பாட்டிகள் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண் செய்ததில் ஒரு குறையும் இல்லை. நான் பார்த்த பல வார்டுகளில் அவ்வளவு பொறுமையாக யாரும் செய்ததில்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்கிறேன்.

டாக்டர் தேடுவது நோயின் பெயரை. காய்ச்சல் எதனால், வீக்கம் எதனால், என்ன மருந்து கொடுப்பது. தாதி தேடுவது வேறு: இந்த அம்மா இன்றைக்கு, இந்த மணிக்கு, எந்த நிலையில் இருக்கிறார்? ராத்திரி மூன்று மணிக்கு அவர் "ஒரு மாதிரி" இருக்கிறார் என்று எனக்குத் தோன்றினால், அந்த ஒரு மாதிரியை எதோடு வைத்து ஒப்பிடுவேன்? சாயங்காலம் பார்த்து எழுதி வைத்ததோடுதான். டாக்டர் ரவுண்டு வந்து சில நிமிஷம் நின்றுவிட்டுப் போவார். கட்டில் பக்கத்தில் இரவும் பகலும் இருப்பது நாங்கள், அதுவும் ஷிப்டுக்கு ஓர் ஆள். பழைய பாக்கி எவ்வளவு என்று எழுதாத கடைக் கணக்கை அடுத்த ஆள் எப்படித் தொடர்வார்? வார்டுக்கு வந்த அன்று தாதி முழு உடம்பையும் பார்ப்பது அந்த முதல் பாக்கியை எழுதுவதற்குத்தான்.

இந்தப் பார்வை தொடுவதற்கு முன்பே தொடங்கிவிடும். தள்ளுவண்டியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது தானாக நகர்கிறாரா, இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறதா? ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்கிறாரா, நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா? படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறாரா? சேலைக் கட்டு வழக்கத்தைவிடத் தளர்ந்திருக்கிறதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா? இளைத்துப் போனவரை எடை பார்க்கும் கருவிக்கு முன்பே அவர் வளையல் காட்டிக் கொடுத்துவிடும். வாசனையும் உண்டு. இனிப்புநீர் கட்டுக்கடங்காமல் போனவரின் மூச்சில் அழுகிய பழ வாடை வரும். சீழ் வைத்த காலை, துணி பிரிக்கும் முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது கேள்விகள். இதில்தான் தமிழ் தெரிந்த தாதிக்கும் தெரியாத தாதிக்கும் பெரிய வித்தியாசம். மலேசியச் சுகாதார அமைச்சு 2008லிருந்து வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகச் சேர்த்திருக்கிறது. காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்க்கும்போதெல்லாம் வலியையும் 0 முதல் 10 வரை எண் போட்டுக் கேட்க வேண்டும். நம் பாட்டிகளிடம் போய் "பத்துக்கு எத்தனை?" என்றால், "என்னத்தம்மா சொல்றது, பரவால்ல" என்பார்கள். கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும். எண்ணை விட்டுவிட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் கொட்டுவார்கள். குத்துது, எரியுது, கடுக்குது, பெசையுது, இழுத்துப் பிடிக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, பாரமா அழுத்துது. இவை ஒவ்வொன்றும் எங்களுக்கு வேறு வேறு துப்பு. மூச்சு இழுக்கும்போது மட்டும் குத்தினால் நுரையீரல் உறையையும் விலாவையும் நினைப்போம். விண்ணு விண்ணென்று தெறித்தால் சீழ் சேர்கிறதோ என்று பார்ப்போம். பாதம் ராத்திரியில் எரிந்தால் இனிப்புநீர் நரம்பைத் தின்றிருக்கலாம்.

எனக்கு எப்போதும் பயம் தருவது "காத்து" என்ற சொல்தான். "நெஞ்சுல காத்து பிடிச்சிருக்கு மிஸ்ஸி" என்பார்கள். மலாய்க்காரரும் இதையே "மாசுக் அஙின்" என்பார்கள். தைலம் தேய்த்து, ஓமத் தண்ணீர் குடித்து, ஏப்பம் வந்தால் சரியாகும் என்று பொழுதைக் கழிப்பார்கள். இனிப்புநீர்க்காரருக்கு, அதிலும் பெண்களுக்கு, மாரடைப்பு எப்போதும் சினிமாவில் காட்டுவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. மேல் வயிற்றில் உப்புசம், வியர்வை, தாடை கடுப்பு, காரணமில்லாத களைப்பு என்றும் வரும். அதனால் "காத்து" என்று யார் சொன்னாலும் "வேர்த்துச்சா? இடது கைக்கோ தாடைக்கோ போச்சா? நடந்தா கூடுதா?" என்று மூன்று கேள்வி கேட்காமல் நான் விட்டதில்லை, பதில் ஒன்று இடறினாலும் இசிஜி எடுத்து டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன்.

நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதிலும் மொழிதான் வழுக்கும். தலையில் அடிபட்டவருக்கும் மயக்கமானவருக்கும் கிளாஸ்கோ அளவு என்று ஒன்று போடுவோம். டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் 1974ல் வெளியிட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, ஆகமொத்தம் 15. ஒன்றுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. பேச்சில் முழு மதிப்பெண் வாங்க, தான் யார், எங்கே இருக்கிறோம், இது எந்த மாதம் என்று சொல்ல வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் ஒரு மலாய்த் தாதி மலாயில் மாதம் கேட்டார். பாட்டி விழித்தார். "குழப்பம்" என்று எழுதி ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார் அந்தப் பெண். நான் போய்த் தமிழில் கேட்டேன். "ஆடி பொறந்து எட்டு நாளாச்சு, கோயிலுக்குக் கூழு ஊத்தணும், என்னை எப்ப விடுவீங்க?" என்றார். குழப்பமாவது! எனக்குத்தான் அன்று ஆடி எட்டா ஒன்பதா என்று தெரியாது. ஒரு மதிப்பெண்தானே என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஷிப்டில் தமிழ்த் தாதி கேட்டு 15 என்று எழுதினால் பாட்டி தேறிவிட்டதாக அர்த்தமாகும்; அதற்கடுத்த ஷிப்டில் 14 ஆனால் ஸ்கேனுக்கு ஓட்டம்தான். சீனப் பாட்டிகளிடம் நானும் இதே தவறைச் செய்திருப்பேன். "ஊ தியா போ?" என்று வலி கேட்கும் அளவுக்குத்தான் எனக்கு அவர்களுடைய ஹொக்கியன் மொழி வரும்.

உயிர்க்குறிகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது மூச்சு. காய்ச்சலுக்குக் கருவி உண்டு, அழுத்தத்துக்குக் கருவி உண்டு, மூச்சை மட்டும் இன்றும் சாதாரண வார்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண வேண்டும். அதனால் சோம்பேறித்தனம் புகுந்துவிடும். வார்டு முழுக்க எல்லாருக்கும் 20 என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். நானும் முதல் இரண்டு வருடம் அப்படி எழுதியவள்தான். பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை வழக்கமானது. 24, 26 என்று ஏறத் தொடங்கினால், ரத்த அழுத்தம் விழுவதற்குப் பல மணி நேரம் முன்பாகவே உடம்பு தடுமாறத் தொடங்கிவிட்டது என்று பொருள். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் யாராலும் இயல்பாக மூச்சுவிட முடியாது. அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, கண்ணை மட்டும் நெஞ்சின் மேல் வைத்து, முழு நிமிஷம் எண்ணுவோம். தாதி உங்கள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றிருந்தால், அது இதுதான்.

நாடியையும் எண்ணினால் மட்டும் போதாது. சீராக இருக்கிறதா, விட்டுவிட்டு அடிக்கிறதா, நூல் போல மெலிந்திருக்கிறதா? தாளம் தப்பியிருந்தால் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து முழு நிமிஷம் கேட்க வேண்டும்; இதயம் 110 முறை அடிக்க மணிக்கட்டுக்கு 90 மட்டும் வந்து சேர்வதும் உண்டு.

ரத்த அழுத்தம் பார்ப்பது எளிது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், வீட்டிலும் கருவி வாங்கி வைத்திருக்கிறீர்கள். கைப்பட்டை சின்னதாக இருந்தால் எண் பொய்யாகக் கூடிவிடும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைச் சுற்ற வேண்டும். நம் அம்மாமார்களின் கைக்குப் பெரிய பட்டை எடுத்து வரச் சோம்பல்பட்டு, இருக்கிற பட்டையை இழுத்துக் கட்டி, "ரத்தக் கொதிப்பு" என்று பெயர் வைத்துவிட்ட கதை நிறைய உண்டு. ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே ஒரு கட்டுப்போல் இறுக்கும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், காலைக் குறுக்கே போடக்கூடாது, கை நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும், மூத்திரம் முட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, பேசவும் கூடாது. கடைசி விதியைத்தான் நம்மவர்களிடம் அமல்படுத்த முடியாது. டயாலிசிஸ் இணைப்பு வைத்த கையில் பட்டையே கட்டக்கூடாது. அத்தை எழுந்து நின்றதும் கிறுகிறுக்கிறது என்றால் படுக்கையில் ஒருமுறை, நிற்க வைத்து மூன்று நிமிஷத்துக்குள் ஒருமுறை பார்ப்போம். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால், ராத்திரி தனியாகக் கழிவறைக்கு விடமாட்டோம்.

தோலைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சிப் புத்தகங்களில் வரும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல். "உதடு நீலம் பாரிக்கும், கன்னம் வெளிறும், சிவந்து காணும்" என்று படித்துவிட்டு வந்து, எங்கள் தோட்டத்துத் தாத்தாவின் முகத்தில் நீலத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கறுத்த தோலில் சோகையைக் கீழ் இமையின் உட்புறத்திலும் உள்ளங்கை ரேகையிலும் பார்க்க வேண்டும், நீலத்தை நாக்கிலும் ஈறிலும், காமாலையைக் கண்ணின் வெள்ளையில். உங்கள் அத்தையின் இமையை இழுத்தது இதற்குத்தான். நம் பெண்கள் மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள். முகமும் பாதமும் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து ஒரு பயிற்சித் தாதி காமாலை என்று எழுதப் போனதை நான் தடுத்திருக்கிறேன். கீழ் இமையை இறக்கிப் பார், வெள்ளை வெள்ளையாக இருந்தால் அது மஞ்சள்கிழங்கு, வேறொன்றுமில்லை.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பும் தோல் நிறத்தில் ஏமாறும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் ரத்தத்தில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு. அவர்கள் நம் இனத்தாரை ஆராயவில்லை. ஆனாலும் கறுத்த தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி அளக்கும் கருவி கொஞ்சம் கூட்டிச் சொல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது எங்களுக்கும் நல்லது. கல்யாண வீட்டு மருதாணி விரல் நுனியில் அடர்ந்திருந்தாலும், நகச்சாயம் கறுப்பாக இருந்தாலும் கிளிப் தடுமாறலாம். காது மடலில் மாட்டிப் பார்ப்போம். 95 காட்டுகிறது, ஆனால் நோயாளி உட்கார்ந்து தோளைத் தூக்கி மூச்சு வாங்குகிறார் என்றால் நான் நோயாளியைத்தான் நம்புவேன்.

நெஞ்சைக் கேட்பதில் ஒரு சங்கடம் உண்டு, அது பழைய சங்கடம். பாரிஸில் லாயெனெக் என்ற மருத்துவர் 1816ல் ஒரு பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்ததில்தான் ஸ்டெதாஸ்கோப்பே பிறந்தது. இருநூறு வருடம் கழித்தும் ரவிக்கைக்கு மேலேயே வைத்துக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். துணி உரசும் ஒலியும் நுரையீரலில் நீர் கோத்த நெறுநெறுப்பும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆண்களுக்கு நெஞ்சு முடியும் அப்படித்தான். அதனால் திரையை இழுத்துவிட்டு, துண்டு போர்த்தி, தேவையான இடத்தை மட்டும் விலக்கி, தோலில் வைத்துத்தான் கேட்க வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லத் தேவையில்லை, பக்கவாட்டில் ஒதுக்கினால் போதும். ஆப்பரேஷனுக்குப் போகும்போது உலோகம் கூடாது என்றால், மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தங்கத்தை வீட்டாரிடம் கொடுப்பதைப் பல அம்மாக்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள். கேட்கும்போது முன்புறத்தோடு நிறுத்தக்கூடாது. படுக்கையில் கிடப்பவருக்கு நீர் கோப்பதும் சளி அடைப்பதும் முதுகுப் பக்கம் அடியில்தான். இடது வலது என்று மாற்றி மாற்றி, ஒரே உயரத்தில் வைத்துக் கேட்போம். "தாரிக் நாஃபாஸ்" என்று மலாயில் சொன்னால் எல்லா இனத்தாரும் மூச்சை இழுத்துவிடுவார்கள், வார்டில் எங்களுக்குப் பொதுமொழி அது.

வழக்கமான வரிசை பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது. வயிற்றுக்கு மட்டும் இது மாறும். பார்த்ததும் முதலில் கேட்க வேண்டும். அமுக்கினால் குடல் அசைந்து இல்லாத ஒலியை எழுப்பிவிடலாம், வலியும் கிளம்பிவிடும். பிறகு தட்டுவது, கடைசியில்தான் அமுக்குவது. அதிலும் வலிக்கிறது என்று சொன்ன இடம் கடைசிக்கும் கடைசி. முழங்காலை மடக்கச் சொல்லி, கையைத் தேய்த்துச் சூடாக்கி அமுக்கும்போது நல்ல தாதி வயிற்றைப் பார்க்கமாட்டார், முகத்தைப் பார்ப்பார். தட்டிப் பார்க்கும் வித்தையை 1761ல் எழுதி வெளியிட்ட ஆவுன்புருக்கர் ஆஸ்திரியாவில் ஒரு விடுதிக்காரரின் மகன். மதுப் பீப்பாயில் எதுவரை இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதுபோல் நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்கும்போது நாம் தட்டுவதில்லையா, அதே சங்கதி. காற்று இருந்தால் பறை, நீர் இருந்தால் மந்தம்.

இந்தத் தட்டலை நான் மறந்த ஒரு ராத்திரி உண்டு. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து வந்த ஓர் ஐயா, எழுபதைத் தாண்டியவர், பத்து மணியிலிருந்து கட்டிலில் புரண்டார், கம்பியை உதைத்தார், ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். வயதானவர், மயக்க மருந்தின் குழப்பம் என்று நான் எழுதினேன். அமைதிப்படுத்த மருந்து கேட்டு டாக்டருக்குப் போனும் போட்டாயிற்று. அப்போது பக்கத்து வார்டிலிருந்து வந்த மூத்த சிஸ்டர் ஒருவர், போர்வையை விலக்கி, தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலால் தட்டினார். மந்த ஒலி தொப்புள் வரை. "கடைசியா எப்ப மூத்திரம் போனார்?" என்றார். சார்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. குழாய் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. ஐயா பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனார். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. அந்தக் காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இனி உங்கள் அத்தையின் கால். எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்ப்போம். 2 மில்லிமீட்டருக்கு ஒன்று, 8 மில்லிமீட்டருக்கு நான்கு என்று குறிப்பதுண்டு. ஆழத்தைவிட முக்கியமான கேள்வி, ஒரு காலா இரண்டு காலா என்பது. இரண்டும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று யோசனை போகும், அல்லது அம்லோடிபின் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரையாலும் இருக்கலாம். ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தோலுக்குள் கிருமியோ, ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக் கட்டியோ. கட்டி என்று சந்தேகம் இருந்தால் அந்தக் காலைத் தேய்த்து நீவிவிடக் கூடாது. பாசத்தில் எண்ணெய் தேய்ப்பவர்கள் நம் வீட்டில் அதிகம் என்பதால் சொல்கிறேன். கிருமி என்றால் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு மணியும் எழுதுவோம். அத்தையின் காலில் பேனாக் கோடு இருந்தால் அழிக்காதீர்கள். நாளை காலை சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் மருந்தை மாற்றும் பேச்சே வரும்.

2019ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது, நம் இனத்தாரிடம் அது இன்னும் அதிகம். ஆகவே தமிழ் நோயாளி வந்தால் பாதத்தைப் பார்க்காமல் நான் நகரமாட்டேன். விரல் இடுக்கில் சேற்றுப்புண், குதிகாலில் வெடிப்பு, கால் மேற்புறத்திலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி. பிறகு 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்து, கண்ணை மூடச் சொல்லி, "தொடுறது தெரியுதா?" என்று கேட்போம். தைப்பூசம் முடிந்த வாரத்தில் இந்தச் சோதனையின் அருமை தெரியும். வெயிலில் வெந்த தார்ச்சாலையில் வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து, 500க்கு மேற்பட்ட படியும் ஏறிவிட்டு வருவார்கள். கால் வலிக்கவேயில்லை, முருகன் அருள் என்பார்கள். நானும் முருக பக்தைதான். ஆனால் மறுநாள் படுக்கை விரிப்பில் கறையைப் பார்த்துத்தான் பாதத்தில் தோல் உரிந்தது தெரிந்தது என்றால், நரம்பு செத்திருக்கிறது.

முதுகுக்குக் கீழே டார்ச் அடித்தது படுக்கைப்புண்ணுக்காக. வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால், காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். 1987ல் வந்த பிரேடன் அளவில் உணர்வு, ஈரம், அசைவு, நடமாட்டம், சாப்பாடு, உராய்வு என்று ஆறையும் சேர்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் போடுவோம், 18க்கு இறங்கினால் ஆபத்து. இங்கேயும் தோல் நிறம் ஏமாற்றும். சிவப்பு தெரியாது, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ, சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். புறங்கையால் தடவினால்தான் பிடிபடும். சேரும் அன்று பார்த்து எழுதாவிட்டால், நாலு நாள் கழித்துப் புண் தெரியும்போது அது வீட்டிலிருந்து வந்ததா வார்டில் வந்ததா என்று சண்டை வரும்.

காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். பினாங்கில் காய்ச்சல் என்றால் டிங்கி என்ற எண்ணம் போகாமல் இருக்காது. டிங்கிக்கு எங்கள் கையே ஒரு கருவி. நோயாளியின் கையைப் பிடித்த ஒரே பிடியில் ஐந்தைப் பார்ப்போம்: நிறம், நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் ரத்தம் திரும்புகிறதா, விரல் சில்லிட்டிருக்கிறதா, நாடியின் கனம், நாடியின் வேகம். அந்த ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லாரும் "சிசிடிவி-ஆர்" என்போம். காய்ச்சல் இறங்கியதும் வீட்டார் சந்தோஷப்படுவார்கள், நாங்கள் அப்போதுதான் கூடுதலாக வந்து வந்து பார்ப்போம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் விடும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அதிர்ச்சி நிலை வரும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி 20க்கு வந்துவிட்டால், 100க்கு 80 என்பது பார்க்க நல்ல அழுத்தம் போல் இருந்தாலும் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட வேண்டிய எண்.

இதையெல்லாம் சார்ட்டில் எழுதி, விரலில் குத்திப் பார்க்கும் டி.எக்ஸ்.டி (ரத்தச் சர்க்கரை) எண்ணையும் சேர்த்து, ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் கட்டில் பக்கத்தில் நின்று ஒப்படைப்போம். அந்தப் பேச்சின் நடுவே நீங்கள் குறுக்கிட்டால் ஒரு வரி விட்டுப்போகும், அவ்வளவுதான் வேண்டுகோள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அத்தை நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். "எப்பவும் வாய் ஓயாது, இன்னிக்குப் பேசவே மாட்டேங்கறாங்க" என்று மருமகள் சொன்ன ஒரு வார்த்தைக்காக டாக்டரை எழுப்பியிருக்கிறேன். வயதானவர்களுக்குக் கிருமி ஏறும்போது சில சமயம் காய்ச்சல்கூட வராது, குணம் மாறுவதுதான் முதல் அடையாளம். ஆகவே இன்று சாயங்காலம் பார்க்கப் போகும்போது அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: வீட்டில் தானாக நடப்பாரா, ராத்திரி எத்தனை தடவை எழுவார், எந்தக் காது மந்தம், பல்செட் உண்டா, கடைசியாக எப்போது வெளிக்குப் போனார். சுகாதாரக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகளை அப்படியே பையோடு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து ஏதாவது குடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வீங்கிய காலில் மெட்டி இருந்தால், மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இன்றைக்கே சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றிவிடுங்கள். நாளைக்கு வீக்கம் ஏறிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.